கட்டைவிரல் கேட்ட சித்திரம்

மீர் ஆபித்தின் வலது கட்டைவிரலுக்கு அன்று சாயங்காலத் தொழுகை வரைதான் ஆயுள் என்று நவாப் தௌலத் யார் கான் தீர்மானித்திருந்தார். வெட்ட ஆள் தயார், கத்தி தயார். பக்கத்தில் நின்று, 'ஆமாம், முறைப்படி வெட்டினார்கள்' என்று சொல்வதற்கு மட்டும் லாகூரின் காவல் தலைவரான கொத்தவாலிடமிருந்து ஓர் ஆள் தேவைப்பட்டது. அதற்காகத்தான் எங்களை அனுப்பியிருந்தார்கள்.

எங்களை என்றால், ஷேக் யாவரையும் என்னையும். ஷேக் யாவர் கொத்தவாலின் துப்பறியும் அதிகாரி. பெரிய தொப்பை, சின்னக் கண்கள், லாகூர் பூராவும் தெரிந்த மீசை. நான் கிர்பாராம். ஊரில் எல்லோரும் என்னை லாலா என்பார்கள். ஷேக்குக்குப் பின்னால் நடப்பது, அவர் யோசனையில் மறந்துபோன கபாபைச் சாப்பிடுவது, அவர் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்வது, இதெல்லாம் என் உத்தியோகம்.

"நானே கண்டுபிடிச்சேன், ஷேக்!" என்றார் நவாப். மெத்தையில் சாய்ந்திருந்தவர் இதைச் சொல்வதற்காகவே நிமிர்ந்து உட்கார்ந்தார். "கொத்தவால் ஆளுங்க குளிர்காலம் பூரா தேடிக் கண்டுபிடிக்காததை, நான் இங்க உட்கார்ந்த இடத்துலேயே கண்டுபிடிச்சேன்."

"நவாப் சாஹிப் உட்கார்ந்தே இவ்வளவு செய்யறீங்க. எழுந்து நின்னா எங்களுக்கு வேலையே இருக்காது" என்றேன். அவருக்கு அது புகழ்ச்சியாகத்தான் பட்டது.

விஷயம் இதுதான். குளிர்காலத்தில் நவாப் தன் தோட்ட மண்டபத்தில் ஒரு விருந்து கொடுத்தார். மண்டபச் சுவரின் இடது கோடியில் ஒரு மாடம் உண்டு. வலது கோடியில் நீரூற்று. அந்த மாடத்தில், எப்போதோ இறந்துபோன ஹெராத் நகரத்து மகா அழகெழுத்துக் கலைஞர் ஒருவர் தன் கையால் எழுதிய ஒற்றைத் தாளைப் பட்டுறையில் போட்டு வைத்திருந்தார். பொன்பொடி தூவிய தாள். சாய்ந்து சாய்ந்து ஓடும் அந்த எழுத்தைப் பார்க்கவே ஜனங்கள் நடையாய் நடப்பார்கள். நவ்ரோஸ் புதுவருஷத்தன்று பாதுஷாவுக்கு அதைக் காணிக்கையாகக் கொடுத்து, பெரிய மாகாணம் ஒன்றைக் கேட்டு வாங்கிவிடலாம் என்பது நவாபின் கணக்கு. விருந்து முடிந்து மறுநாள் காலையில் பார்த்தால் பட்டுறை இருக்கிறது, தாள் இல்லை.

இப்போது நவ்ரோஸ் வந்துவிட்டது. மறுநாள் பாதுஷா லாகூருக்குள் நுழைகிறார்.

"இதைப் பாருங்க" என்று நவாப் ஒரு சித்திரத்தை நீட்டினார். பாதுஷாவுக்குக் கொடுக்கத் தயாராகும் சித்திரத் தொகுப்பில் ஒரு பக்கம் அது. அந்த விருந்தேதான். நடுவில் நவாப், தட்டேந்திய வேலையாட்கள், ஓரத்தில் நீரூற்று, மாடம், மாடத்துக்குள் குட்டியாகப் பட்டுறைகூட இருந்தது. "என் ஓவியர் உஸ்தாத் ஷாகிர் அன்னிக்கே திரை மறைவுல உட்கார்ந்து ஆட்களைக் கோடு போட்டுட்டார். அப்புறம் முகத்தையும் எழுதி முடிச்சுக் காபூலுக்குப் போயிட்டார். மத்த வேலை எல்லாம் முடிஞ்சு போன வாரம்தான் என் கைக்கு வந்துச்சு. மாடத்துக்கு அடியில யாரு உட்கார்ந்திருக்கான்?"

நான் எட்டிப் பார்த்தேன். ஒல்லியாக, மூக்கில் மருவோடு, மெல்லிய வெள்ளை அங்கி போட்ட ஒரு மனிதர்.

"மீர் ஆபித். என் சித்திரசாலையில அழகெழுத்து வேலை பார்க்கறவன். அன்னிக்குக் கேட்டப்ப என்ன சொன்னான் தெரியுமா? 'நான் நீரூற்றுப் பக்கம் உட்கார்ந்திருந்தேன், மாடத்துப் பக்கமே போகல'ன்னான். பொய்! சித்திரம் சொல்லுது. பொய் சொன்னவன்தான் எடுத்தவன். நல்ல எழுத்தைப் பார்த்தா இவனுங்களுக்குப் புத்தி பேதலிச்சுடும்."

"என் கண்ணாலயும் பார்த்தேன்" என்றான் நவாபின் பக்கத்தில் இருந்த இளைஞன். மிர்ஸா பெஹ்ராம், நவாபின் அக்கா மகன். காஷ்மீர்ச் சால்வை, காதில் முத்து, வாசனைத் தைலம் எட்டு வீடு தாண்டி மணக்கும். "மாமா, மீர் மாடத்துக்குக் கீழதான் இருந்தார். நான் நீரூற்று ஓரமா இருந்தேன். படத்துலயும் அப்படித்தான் இருக்கு பாருங்க."

படத்திலும் அப்படித்தான் இருந்தது. நீரூற்று ஓரத்தில் சால்வையைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு பெஹ்ராம் புன்னகைத்துக்கொண்டிருந்தான்.

ஷேக் யாவர் சித்திரத்தில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். தூங்கிவிட்டாரோ என்று நான் சந்தேகப்படும் நேரத்தில் தலையைத் தூக்கினார்.

"மீர் ஆபித் முஸல்மான்தானே?"

"என்ன கேள்வி இது! ஷீராஸ்லேர்ந்து வந்த சையத் குலம்!"

"சரி. சாயங்காலத் தொழுகை வரைக்கும் எனக்கு நேரம் கொடுங்க, நவாப் சாஹிப். அதுவரை கத்தி உறையிலேயே இருக்கட்டும். கொத்தவாலோட ஆள் நிறைவா சாட்சி சொல்லணும்னா நிறைவாப் பார்த்தாகணும்."

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் போனார்.

"லாலா, உன் அங்கி நாடா எந்தப் பக்கம் முடிஞ்சிருக்கு?"

"இடது அக்குளுக்குக் கீழ. எங்கப்பா, அவரோட அப்பா எல்லாருக்கும் அங்கதான். ஹிந்துக்கள் நாங்க இடது, முஸல்மான்கள் நீங்க வலது. லாகூர்ல கண்ணைக் கட்டிவிட்டாக்கூட, முடிச்சைத் தடவிப் பார்த்தே வந்திருக்கறது யார் வீட்டுக் கல்யாணம்னு சொல்லிடலாமே! இதெல்லாம் எதுக்கு இப்ப?"

"படத்துல மீருக்கு?"

நான் யோசித்தேன். மெல்லிய அங்கி, அதில் சிவப்பு நாடா, அது… "இடது பக்கம்!" என்று கத்திவிட்டேன்.

"கத்தாதே. மத்தவங்க எல்லாம் குளிருக்குச் சால்வை போர்த்தியிருக்காங்க, முடிச்சு தெரியல. நவாபுக்குச் சரியா வலதுல இருக்கு. வெறும் அங்கியோட இருக்கறது மீர் ஒருத்தர்தான். சையத் குலத்து ஆள் இடது பக்கம் முடிச்சு போடுவாரா?"

"அப்ப அது மீரே இல்ல! அவர் மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு எவனோ வந்திருக்கான். பழக்கதோஷத்துல இடது பக்கம் கட்டிக்கிட்டான்!" சொன்ன பிறகுதான் அந்த எவனோ எங்கள் ஆளாக இருக்க வேண்டும் என்பது எனக்கு உறைத்தது. "ஷேக்ஜி, லாகூர்ல எங்க ஆளுங்க லட்சம் பேர் இருக்கோம். சாயங்காலத்துக்குள்ள எத்தனை பேர் முடிச்சைப் பிடிச்சுப் பார்ப்பீங்க?"

"உன்னோடதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்" என்றார் அவர், சிரிக்காமல்.

மீரைக் குதிரை லாயத்துக்குப் பக்கத்தில் வைக்கோல் அறையில் அடைத்திருந்தார்கள். கதவைத் திறந்தபோது அவர் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. தரையில் மண்டியிட்டு, ஒரு கரித்துண்டை இடது கையில் பிடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். எழுத்துகள் காலொடிந்த கோழிகள் மாதிரி தரையெல்லாம் கிடந்தன.

"இடது கையால பழகிப் பார்க்கறேன்" என்றார். "நாளைலேர்ந்து வலது உதவாதில்லையா. அஞ்சு வயசுலகூட நான் இவ்வளவு கேவலமா எழுதினதில்ல."

பேனாவை இரண்டு விரலால் பிடித்துவிடலாம், ஆனால் திருப்புவது கட்டைவிரல்தான். அது இல்லாமல் இந்த மனிதர் என்ன செய்வார்? சந்தையில் வெங்காயம் விற்பாரா? அந்த நிமிஷம் நவாபின் மெத்தை, மாகாணம், பாதுஷா எல்லாவற்றின்மீதும் எனக்கு எரிச்சலாக வந்தது.

"மீர் சாஹிப், உங்ககிட்ட எத்தனை அங்கி இருக்கு?" என்று கேட்டார் ஷேக்.

"உடம்புல இருக்கறது ஒண்ணுதான்."

"அதை யாருக்காவது கடன் கொடுத்தீங்களா?"

"கொடுத்துட்டு நான் எதைப் போட்டுக்கறது?"

"என்னிக்காவது நாடாவை இடது பக்கம் முடிஞ்சதுண்டா?"

மீர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "கிண்டலா? தூக்கத்துல கட்டினாலும் கை தானா வலதுக்குத்தான் போகும். ஷேக்ஜி, நான் நீரூற்றுப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். முதுகுல தண்ணி தெறிச்சு அங்கி நனைஞ்சு மூணு நாள் ஜலதோஷம். மாடத்துக்குக் கீழ இருந்தது மிர்ஸா பெஹ்ராம். ஆனா சித்திரம் வேற சொல்லுதே! அந்த முகம் என் முகம்தான். மூக்கு, மரு, எல்லாம் நான்தான். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒருவேளை நான்தான் மாடத்துக்குக் கீழ உட்கார்ந்தேனோ?"

ஆக, என் வேஷக்காரன் அங்கேயே செத்தான். மருவைக்கூட ஒட்டிக்கொண்டு வந்து உட்காரும் அளவுக்கு யாருக்கு வேலை இல்லாமல் போயிற்று?

அரண்மனை வேலையாட்களை ஒருவர் விடாமல் கேட்டுப் பார்த்தேன். தீவட்டிக்காரன், ஷர்பத் ஊற்றுகிறவன், பீடா மடிக்கிறவன், எல்லோரிடமும் ஒரே பதில்தான். "படத்துல எப்படி இருக்கோ அப்படித்தான் லாலாஜி. நவாப் சாஹிப் பிரமாதம்னு சொன்ன படம். அதுக்கு மாறா எங்களுக்கு ஞாபகம் இருக்குமா?" விருந்தாளிகளைக் கேட்கலாம் என்றால், அவர்கள் பாதுஷாவை எதிர்கொள்ள ஆற்றங்கரைக்குப் போய்விட்டார்கள். இருந்திருந்தாலும், அன்று குடித்த குடிக்குத் தாங்கள் உட்கார்ந்த இடம் தங்களுக்கே தெரிந்திருக்காது.

மூளை ஓடாவிட்டால் ஷேக் யாவர் நேரே நாவிதரிடம் போய் உட்கார்ந்துவிடுவார். அன்றும் போனார். டில்லி வாசல் பக்கத்து ஆலமரத்தடியில் ஜும்மன் கடை விரித்திருந்தான்.

"ஒரு மனுஷன் ஒரே நேரத்துல அங்கிக்கு வலது பக்கம் முடிச்சு போட்டுக்கிட்டு, இடது பக்கம் முடிச்சு போட்ட மாதிரி தெரியணும். அது எப்படி முடியும்?" என்றார் ஷேக், மீசையின் ஒரு பக்கத்தை ஜும்மனிடம் ஒப்படைத்தபடி.

"கல்யாணம் ஆன புதுசுல எனக்கும் அப்படித்தான், எந்தப் பக்கம்னே தெரியாது" என்றேன்.

"லாலாஜி, நீங்களும் மீசையை ஒருதரம் பார்த்துக்குங்க" என்று ஜும்மன் தன் கண்ணாடியை என் கையில் கொடுத்தான். மீசையைப் பார்த்தேன், பரவாயில்லை. கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். நெற்றித் திலகம், கழுத்து, அங்கி, நாடா…

"அட! ஷேக்ஜி, இங்க பாருங்க கூத்தை! கண்ணாடிக்குள்ள இருக்கற லாலா வலது பக்கம் முடிச்சு போட்டிருக்கான்! நெத்தியில திலகம், அக்குள்ல உங்க முடிச்சு. எங்க அம்மா பார்த்தா ரெண்டு பேரையும் வீட்டுக்குள்ள விடமாட்டா!"

ஷேக் சிரிக்கவில்லை. என் கையிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கினார். என்னைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பெரிய உடம்போடு துள்ளி எழுந்தார்.

"லாலா! உன் வாயிலேர்ந்து வந்ததுலயே உருப்படியான பேச்சு இதுதான்! ஓடு, சித்திரசாலைக்கு!"

"சாஹிப், மீசை!" என்று ஜும்மன் பின்னாலேயே கத்தினான். ஒரு பக்கம் கத்தரித்து, மறுபக்கம் தொங்குகிற மீசையோடு கொத்தவாலின் துப்பறியும் அதிகாரி கடைத்தெருவில் ஓடியதை லாகூர் ஜனங்கள் சாவகாசமாக வேடிக்கை பார்த்தார்கள்.

சித்திரசாலையில் பர்ஸராம் மட்டும் இருந்தார். அணில்வால் மயிர்த் தூரிகையை வாயில் கூராக்கிக்கொண்டே எங்களை வெறுப்போடு பார்த்தார். நவாபின் சித்திரங்களில் கட்டடம், மரம், நீரோடை எல்லாம் இவர் வேலை. மனிதர்களை வரைவதைக் கொஞ்சம் கீழான தொழிலாக நினைப்பவர்.

"விருந்துப் படத்துல மண்டபம் உங்க கைவேலையா?" என்றார் ஷேக்.

"வேற யாருக்கு அந்தக் கை வரும்? செங்கல் செங்கலா வரைஞ்சிருக்கேன். மண்டபத்துக்கு எதிர்ல போய் உட்கார்ந்து, இருக்கறதை இருக்கற மாதிரியே எழுதியிருக்கேன். மாடம் இடது, நீரூற்று வலது. ஒரு கல்லு பிசகியிருந்தா என் பேரை மாத்திக்கறேன்."

"நீங்க போனப்ப அங்க ஆட்கள் இருந்தாங்களா?"

"எதுக்கு? ஆட்களை ஷாகிர் முன்னாடியே தாள்ல இறக்கிட்டார். நடுவுல விட்ட இடத்தை நான் நிரப்பினேன். விருந்துக்கு என்னை யார் கூப்பிட்டா?" அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்பது குரலில் தெரிந்தது.

"ஷாகிர் முதல்ல எதுல வரைஞ்சார்?"

பர்ஸராம் ஒரு பெட்டியைத் திறந்து, சுரண்டிச் சுரண்டிக் கண்ணாடி போல மெல்லிசாக்கிய மான்தோலை எடுத்துக் கொடுத்தார். அதில் மையால் விருந்து முழுக்கக் கோடாக இருந்தது. கோடு நெடுக ஊசித் துளைகள். தோலைத் தாள்மீது வைத்து மேலே கரிப்பொடி மூட்டையால் தட்டினால், துளை வழியே பொடி இறங்கித் தாளில் உருவம் விழும். எந்தச் சித்திரசாலையிலும் நடக்கிற வேலைதான்.

ஷேக் மை இருந்த பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். விரல் சுத்தமாக இருந்தது. திருப்பினார், பின்பக்கத்தைத் தேய்த்தார். விரல் கன்னங்கரேல் என்று வந்தது. அதை என் கன்னத்தில் துடைத்தார்.

"என் முகம் உங்களுக்குத் துண்டா?"

"சாட்சி, லாலா! கரிமூட்டையைப் பின்பக்கத்துலதான் தட்டியிருக்கு. அப்படின்னா தோலைக் கவிழ்த்துப் போட்டிருக்கார் ஷாகிர்!"

பர்ஸராமின் வாயிலிருந்து தூரிகை விழுந்தது. "கவிழ்த்துப் போட்டாரா? அப்ப ஆட்கள் எல்லாம் இடம் வலமா… நான் மட்டும் மண்டபத்தை நேரா… ஐயோ!" அவர் படபடவென்று தலையில் அடித்துக்கொண்டார். "திருப்பிப் போட்டதை ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்ன? திருப்பின ஆட்களைக் கொண்டுபோய் நேரான கட்டடத்துல உட்கார வெச்சுட்டேனே! என் பேர் கெட்டுச்சு!"

"உங்க பேர் போகட்டும். ஷாகிர் எதுக்குத் திருப்பினார்?"

பர்ஸராம் ஷேக்கின் காதில் ஏதோ சொன்னார். ஷேக் தொப்பை குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். தலைப்பாகை சரிந்து விழும்வரை சிரித்தார். என்னவென்று எவ்வளவு கேட்டும் எனக்குச் சொல்லவில்லை. அந்த ஆளிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம் இதுதான்.

வெயில் சாயும்போது எல்லோரும் தோட்ட மண்டபத்தில் கூடினோம். மீரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். வலது கையை இடது கையால் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு மரக்கட்டையும் அதன்மேல் பட்டுத்துணி மூடிய ஏதோ ஒன்றும் இருந்தன. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"மிர்ஸா பெஹ்ராம்" என்று ஆரம்பித்தார் ஷேக், பாதி மீசையோடு. "விருந்து அன்னிக்கு மாடத்துக்குக் கீழ உட்கார்ந்திருந்தவர்தான் தாளை எடுத்தவர். இதுல உங்களுக்கு ஏதாவது சந்தேகம் உண்டா?"

"துளிகூட இல்ல. அங்க இருந்தவனைத் தவிர வேற யாருக்குக் கை எட்டும்?"

"சத்தியமா?"

"மாமா தலைமேல சத்தியமா!"

"நல்லது." ஷேக் மான்தோலை விரித்து, மை தெரியும் பக்கம் நவாபின் பக்கமாக வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். "நவாப் சாஹிப், இது ஷாகிர் அன்னிக்கே கண்ணால பார்த்துப் போட்ட கோடு. மாடம் இருக்கற இடது கோடியில யாரு?"

நவாப் கண்ணைச் சுருக்கினார். "சால்வை… முத்து… பெஹ்ராம் மாதிரி இருக்கே! சித்திரத்துல வலது பக்கம்தானே இருந்தான்?"

"சித்திரத்துல எல்லாமே கண்ணாடியில தெரியற மாதிரி திரும்பியிருக்கு. உங்க நாடாவை மட்டும் உஸ்தாத் கவனமா சரி பண்ணிட்டார். மீரோட நாடாவை யார் கவனிக்கப் போறா? அது இடது பக்கமே நின்னுடுச்சு. இன்னும் சந்தேகம்னா, சித்திரத்துல உங்களுக்குப் பீடா கொடுக்கறவன் கையைப் பாருங்க."

நவாப் பார்த்தார். முகம் சிவந்தது. "இடது கை! என் சபையில எனக்கு இடது கையால பீடாவா! எவன்டா அவன்?"

பீடா மடிக்கிறவன் தடாலென்று காலில் விழுந்தான். "நான் இல்ல, நவாப் சாஹிப்! அது படம்! நான் வலது கையாலதான் கொடுத்தேன், என் பிள்ளைங்க மேல ஆணை!"

"அதைத்தான் ஷேக்ஜியும் சொல்றார், எழுந்திருய்யா" என்றேன்.

"ஷாகிர் எதுக்குத் திருப்பணும்?" என்று உறுமினார் நவாப். "யார் சொன்னது திருப்பச் சொல்லி? அவன் தலையைக் கொண்டுவரச் சொல்றேன்!"

ஷேக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இப்போது அவர் சிரிக்காமலிருக்கப் பட்ட பாடு எனக்கு நன்றாகத் தெரிந்தது. "தொகுப்புல இந்தச் சித்திரத்துக்கு எதிர்ப் பக்கத்துல யார் படம் வருது, நவாப் சாஹிப்?"

"பாதுஷாவோட திருவுருவம்."

"ஷாகிர் முதல்ல போட்ட கோட்டுல நீங்க பாதுஷாவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க. 'என் முகத்தைப் பாதுஷா பக்கம் திருப்பு'ன்னு நீங்கதான் ஆள் அனுப்பினீங்களாம். ஓவியனுக்கு உங்க ஒருத்தரை மட்டும் திருப்பறது கஷ்டம். தோலைக் கவிழ்த்தார், சபையே உங்களோட திரும்பிடுச்சு. மண்டபம் மட்டும் திரும்பல."

ஷாகிரின் தலையைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்தது. மெதுவாகக் கழுத்தைத் திருப்பி அக்கா மகனைப் பார்த்தார்.

பெஹ்ராம் எழுந்து ஓடவில்லை, அழ ஆரம்பித்தான். "மாமா, நான் திருடல! சத்தியமா திருடல! அன்னிக்கு எட்டி எடுத்துச் சும்மா பார்த்தேன். கையில மதுக் கிண்ணம் இருந்துச்சு. ஒரு சொட்டு சிந்திடுச்சு."

"ஒரு சொட்டுதானே?" என்றார் ஷேக்.

"ஒரு எழுத்துமேல விழுந்துச்சு. ஈரத் துணியால துடைச்சேன். எழுத்து அழிஞ்சுபோச்சு. அந்த ஒண்ணு மட்டும் இல்லாம அசிங்கமா இருந்துச்சு, பக்கத்துல இருந்ததையும் துடைச்சேன்…"

"அப்புறம்?"

"அதுக்குப் பக்கத்துல இருந்ததையும்."

ஆள் போய் அவன் தலையணைக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்து வந்தான். பொன்பொடி மின்னியது. ஓரத்துப் பூவேலை அப்படியே இருந்தது. நடுவில் ஹெராத் மகா கலைஞரின் கைவண்ணம் இருந்த இடம் புதுப் பீங்கான் தட்டுப் போல் பளிச்சென்று வெறுமையாக இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஒரு மனிதனின் விரல் போகப்போகிறது என்று தெரிந்தும் தைலம் பூசிக்கொண்டு வந்து பொய்ச் சாட்சி சொன்னவனை நான் நவாபாக இருந்தால் அந்த நீரூற்றிலேயே அமுக்கியிருப்பேன்.

நவாபின் கண் மரக்கட்டையின் பக்கம் போனது. பெஹ்ராம் அலறினான். ஆனால் இந்துஸ்தானத்தில் நவாப் பயப்படுகிறவர்கள் பாதுஷாவும் பெஹ்ராமின் அம்மாவும்தான் என்பது லாகூர் முழுக்கத் தெரிந்த சேதி. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "இவனை என் கண்ணெதிர்லேர்ந்து கொண்டு போங்க. லாயத்துல குதிரை தேய்க்கட்டும்" என்றதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு அந்த வெறுந்தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வெறும் சித்திரத் தொகுப்புக்கு மாகாணம் கிடைக்குமா? நாளைக்குப் பாதுஷாவுக்கு என்னத்தைக் கொடுப்பேன்? இதையா? 'சுத்தமா இருக்கு, வாங்கிக்குங்க'ன்னா?"

நாங்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக மீர் ஆபித்தின் வலது கையைப் பார்த்தோம். கடைசியாக நவாபும் பார்த்தார்.

"மீர்…" என்றார். குரல் பாதியாகிவிட்டது. "உங்க கையெழுத்துல, உங்க பேர்லயே ஒரு பக்கம் எழுதித் தர முடியுமா? இந்தத் தாள்லயே? பாதுஷா கேட்டா, என் சித்திரசாலையில இப்படி ஒருத்தர் இருக்கார்னு தைரியமா சொல்லிக்கறேன்."

மீர் தாளை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அவர் முகத்தில் அதுவரை இல்லாத ஒரு பசி தெரிந்தது. தாளை மடியில் வைத்துவிட்டு வலது கையை முன்னால் நீட்டினார். விரல்கள் நடுங்கின.

"எழுதலாம். ஆனா இப்ப கை என் பேச்சைக் கேக்கல. மையும் இல்ல. புது மை அரைக்கணும். எனக்கு மை அரைக்கிற ஆள் உங்க தண்டனையைக் கேட்டதும் ஊரை விட்டே ஓடிட்டான்."

"பர்ஸராம் அரைக்கட்டும்."

"நான் கட்டடம்" என்றார் பர்ஸராம்.

"லாலா?"

"நாங்க சாட்சிக்கு வந்தவங்க, நவாப் சாஹிப். சாட்சி வேலையில கை வைக்கக் கூடாது" என்றேன். ஷேக் என்னைப் பெருமையோடு பார்த்தார்.

நவாப் தௌலத் யார் கான் சுற்றுமுற்றும் பார்த்தார். மோதிரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, மீருக்கு எதிரே வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கல்வத்தில் விளக்குக்கரியும் பிசினும் போட்டார்கள். நவாப் குழவியைப் பிடித்து அரைக்கத் தொடங்கினார். முதலில் வேகமாக அரைத்தார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு அரைத்தார். தாடியில் கரி, நெற்றியில் வியர்வை. மீர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிவாசலில் சாயங்காலத் தொழுகைக்கு அழைப்பு எழுந்தது. கத்திக்காரன் பட்டுத்துணியோடு தன் கத்தியைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

தொழுகை முடிந்து வந்து நவாப் மறுபடியும் குழவியைப் பிடித்தார்.

"போதுமா, மீர் சாஹிப்?" என்று கெஞ்சினார்.

மீர் குனிந்து மையைப் பார்த்தார். பிறகு தன் வலது கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அது இன்னும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"மை எப்பவோ பதமாயிடுச்சு, நவாப் சாஹிப்" என்றார் சாந்தமாக. "ஆனா இன்னும் கொஞ்சம் அரைங்க. இவனுக்குத்தான் இன்னும் உங்கமேல நம்பிக்கை வரல."